தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஏர்பேக்கை என்ன செய்வது? கண்மாய்க் கரையிலும் மலையடிவாரத்திலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போன இடத்தில் என் சித்தப்பா மகனுக்கு ஏர்பேக் வெடித்தது. பேரையூர்ப் பக்கம், கண்மாய்க் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் ஒரு சரிவு. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. புல் மூடிக் கிடந்த மடைக்கல் அவன் கண்ணில் படவில்லை. முன் சக்கரங்கள் வாய்க்காலுக்குள் இறங்கியதும், பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் நேராகக் கல்லில் போய் மோதியது. பள்ளம் எங்கே என்று பார்ப்பதற்காக அவன் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்தாற்போல உட்கார்ந்திருந்தான். இடது முன்கை ஹாரனுக்குக் குறுக்கே கிடந்தது. பை விரிந்த வேகத்தில் அந்தக் கைதான் அவன் முகத்தில் வந்து அடித்தது. மூக்கெலும்பு உடைந்தது, மணிக்கட்டில் மூன்று வாரம் மாவுக்கட்டு. பக்கத்து சீட்டில் சித்தப்பா பெல்ட் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கன்னத்தில் ஒரு சிராய்ப்பும் அரை நாள் காது இரைச்சலும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தபந்தத்தில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, காட்டுப் பாதையில போறப்ப ஏர்பேக் ஃபியூசப் பிடுங்கிரலாமா?" பிடுங்க வேண்டாம் என்பது என் பதில். ஏன் வேண்டாம், அதற்குப் பதில் எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஆஃப் ரோடு என்றதும் சேறு தெறிக்கப் பாயும் ஜீப்புகள்தான் நினைவுக்கு வரும். எனக்குத் தெரிந்து மதுரையைச் சுற்றி தார் ரோட்டை விட்டு இறங்குகிறவர்கள் தோப்புக்கும் கிணற்றடிக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் போகிறவர்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழகர்மலை, சிறுமலை, சதுரகிரி அடிவாரம் போன்ற இடங்களில் வனத்துறையின் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை விடுவது குற்றம். அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே பாறைமேல் ஏற்றிப் பார்க்கும் ஆசையே வேண்டாம். நம் பட்டா நிலமும், ஊர் வண்டிப்பாதையும் போதும்.

பை எதைப் பார்த்து விரிகிறது

குலுங்கினால் ஏர்பேக் வெடித்துவிடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. காரணம் புரிந்தால் மற்ற எல்லாமே எளிதாகிவிடும்.

வண்டியின் நடுவில், கியர் கம்பியை ஒட்டிய கன்சோலுக்கு அடியில், ஒரு சிறிய உலோகப் பெட்டி திருகி வைக்கப்பட்டிருக்கும். ஏர்பேக்கின் மூளை அதுதான். பெரும்பாலான வண்டிகளில் முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் ஒன்றிரண்டு சென்சார்கள் இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் கதவுக்குள்ளோ நடுத்தூணிலோ வேறு சென்சார்களும் இருக்கும். முன்பக்கப் பைகளைப் பொறுத்தவரை இந்தக் கூட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் வண்டியின் வேகம் எவ்வளவு திடீரென்று குறைகிறது? வண்டிப்பாதைக் குலுக்கல் மேலும் கீழுமாக வருவது. அதில் முதுகு வலிக்கும், ஆனால் முன்னோக்கிய வேகம் சட்டென்று செத்துவிடுவதில்லை. ஒரு சென்சார் தப்பாகச் சொன்னால் உடனே வெடித்துவிடாதபடி, இன்னொரு சென்சாரும் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் பெட்டி உத்தரவு கொடுக்கும்.

அசையாத கெட்டிச் சுவரில் நேராக மோதுவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 25 கி.மீ. வேகத்தில் முன் ஏர்பேக் விரியத் தொடங்கும். வண்டிக்கு வண்டி இது மாறும். மண்மேட்டில் மோதினால் மண் நசுங்கி அதிர்ச்சியை மெதுவாக வாங்கிக்கொள்ளும், அதே வேகத்தில் பை விரியாமலும் போகலாம். பாறையும் மடைக்கல்லும் அப்படி நசுங்கிக் கொடுக்காது.

பல வண்டிகளின் கையேட்டில் இதற்கென்றே ஒரு படம் போட்டிருப்பார்கள், நாம்தான் புரட்டுவதில்லை. வண்டியின் அடிப்பாகம் பலமாக அடிபட்டால் ஏர்பேக் விரியலாம் என்று அங்கே மூன்று நிலைமைகளைச் சொல்லியிருக்கும். மேடான கல்விளிம்பில் மோதுவது, ஆழமான பள்ளத்தில் விழுவது அல்லது அதைத் தாண்டிக் குதிப்பது, உயரத்திலிருந்து தொப்பென்று இறங்குவது. நம் பாதைகளில் இந்த மூன்றுமே உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தப் பொருளும் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 16 கி.மீ. 2 மீட்டர் என்றால் 22 கி.மீ.க்கு மேல். தலைமட்டப் பள்ளத்தில் மூக்குக் குத்தி விழும் வண்டிக்கு, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே ஏர்பேக் விரியும் வேகம் வந்துவிடும்.

பை விரிய ஆகும் நேரம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு. உள்ளே ஒரு வேதிப்பொருள் எரிந்து வாயுவாகி, மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் துணியைத் தள்ளும். விரிந்து முடித்த பைமேல் நாம் போய் விழுந்தால் அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும் பைக்கு முன்னால் முகமோ கையோ இருந்தால் அது அடி.

ஃபியூசை ஏன் பிடுங்கக் கூடாது

ஏர்பேக் ஃபியூசைப் பிடுங்கினால் முன்னால் உள்ள பை மட்டும் அணைவதில்லை. மோதும் கணத்தில் சீட் பெல்ட்டைச் சுண்டி இழுத்து நம்மை சீட்டோடு கட்டும் பிரீடென்ஷனரும் பெரும்பாலும் அதே மின்சாரத்தில்தான் இயங்குகிறது. ஜன்னல் ஓரமாகத் திரை போல இறங்கும் பக்கத் திரை ஏர்பேக் இருந்தால் அதுவும் போகும். கரையிலிருந்து வண்டி உருளும் ஆபத்து உள்ள இடத்தில்தான் இந்த இரண்டும் நமக்கு அதிகம் தேவை.

அடுத்தது மறதி. தோப்பில் பிடுங்கிய ஃபியூஸ் சட்டைப் பையில் கிடக்க, திருமங்கலம் தாண்டி நான்கு வழிச்சாலையில் 90இல் வீடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் நினைவு வந்ததாம். ஆபத்து கூடிய சாலையில் அவர் குடும்பமே பாதுகாப்பில்லாமல் வந்திருக்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி எழுப்பவும் இது இடம் கொடுக்கும்.

வெளிநாடுகளில் விற்கும் சில டொயோட்டா ஃபோர் வீல் வண்டிகளில், வண்டி சாய்வதை வைத்து விரியும் திரை ஏர்பேக்கை மட்டும் கரடுமுரடான பாதைக்காக நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் உண்டு. தயாரித்தவர்களே யோசித்து வைத்த வசதி அது. அப்படி ஒன்று உங்கள் வண்டியில் இருந்தால் கையேட்டில் சொன்னபடி பயன்படுத்துங்கள். முன் பயணியின் ஏர்பேக்கைச் சாவியால் அணைக்கும் வசதி சில வண்டிகளில் இருக்கிறது. அது குழந்தை இருக்கைக்காக வைத்தது, கரடுமுரடான பாதைக்காக அல்ல.

முதல் வேலை: உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம். முன் பயணிக்கான ஏர்பேக், புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31இலிருந்தும் கட்டாயமானது. ஆகவே தோப்பு வேலைக்கென்று வைத்திருக்கும் பழைய ஜீப்பில் ஏர்பேக்கே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பெல்ட்டும் மெதுவான வேகமும்தான் உங்கள் காவல். ஜிம்னி, தார் ராக்ஸ் போன்ற புதிய வண்டிகளில் ஆறு ஏர்பேக்குகள் வருகின்றன. இரண்டு உள்ள வண்டியில் உட்கார்வதற்கும் ஆறு உள்ள வண்டியில் உட்கார்வதற்கும் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் வேறு.

சாவியைத் திருப்பியதும், வயிற்றில் பந்து வைத்த மனிதன் போன்ற சிவப்பு விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும், சிமிட்டினாலும், எரியவே இல்லை என்றாலும் கோளாறு. பழைய வண்டி வாங்கியவர்கள் மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள். ஏர்பேக் ஒருமுறை வெடித்த வண்டியில் புதுசு மாட்டாமல் விளக்கை மட்டும் கழற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு. பழைய வண்டி என்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ஏர்பேக் திரும்பப்பெறும் அறிவிப்பில் அது இருக்கிறதா என்றும் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். தகாடா நிறுவனத்தின் பழைய ஏர்பேக்குகள் வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

டேஷ்போர்டைக் காலி செய்யுங்கள்

பயணி பக்கத்து டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுத்துப் பொறித்த ஒரு மூடி இருக்கும். பல வண்டிகளில் அந்த மூடியின் மேலேயே கல்லிலோ பித்தளையிலோ செய்த பிள்ளையார் ஒட்டப்பட்டிருக்கிறார். பக்கத்தில் மீனாட்சியம்மன் படம், அழகர்கோயில் பிரசாத டப்பா. பை விரியும்போது அந்த மூடி கிழிந்து திறக்கும், மேலே இருப்பதெல்லாம் பயணியின் முகத்துக்கு வரும். சாமியை எடுத்துவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இடத்தை மாற்றி, கியர் பக்கத்துக் கன்சோலில் தாழ்வாக ஒரு சிறிய படமாக வையுங்கள். எங்கள் வண்டியில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

ஸ்டீயரிங் நடுவில் ஸ்டிக்கரோ அலங்காரப் பட்டையோ வேண்டாம். போன் மாட்டும் தாங்கி ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கக் கூடாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால், தைத்து இறுக்கிய சீட் கவர் அதை மூடிவிடும். அந்தப் பக்கம் திறப்பு வைத்த கவர்தான் சரி. மேல் கைப்பிடியில் ஹேங்கரோடு சட்டை தொங்கவிட்டால் திரை ஏர்பேக் விரியும்போது அந்தக் கம்பி பறக்கும்.

அப்புறம் சாமான்கள். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வண்டியில் அண்டா, குத்துவிளக்கு, தேங்காய் மூட்டை, சில வீடுகளில் அரிவாளும் இருக்கும். ஏர்பேக் விரியும் அளவுக்கு ஒரு மோதல் நடந்தால் இவை அத்தனையும் முன்னோக்கி வரும், பை இவற்றைத் தடுக்காது. அரிவாளைச் சாக்கில் சுற்றிப் பின்னால் அடியில் கட்டுங்கள். கனமானதெல்லாம் தரையில், கயிறு போட்டு.

உட்காரும் விதம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள். தார் ரோட்டில் ஒழுங்காகச் சாய்ந்து ஓட்டுகிறவர்கூட மண்பாதையில் இறங்கியதும் முன்னால் குனிந்துவிடுவார். பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் வரும் பழக்கம் அது. அந்தக் குனிதல்தான் என் சித்தப்பா மகனின் மூக்கை உடைத்தது.

ஸ்டீயரிங் நடுவுக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். பெரிய கையாக இருந்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் நிறுத்தி வைத்தே அளந்துகொள்ளுங்கள். குள்ளமானவர்கள் பெடல் எட்டுவதற்காகச் சீட்டை முன்னால் தள்ளுவார்கள். அவர்கள் முதுகுப்புறத்தைக் கொஞ்சம் சாய்த்தும், ஸ்டீயரிங்கை முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கும்படி இறக்கியும் அந்த இடைவெளியைக் கொண்டுவரலாம். முன்னால் பார்க்கச் சிரமமாக இருந்தால் சீட்டின் உயரத்தை ஏற்றுங்கள். அப்படியும் தெரியாத இடத்தில் குனிய வேண்டாம், வண்டியை நிறுத்துங்கள். கூட வந்தவரை இறக்கிவிட்டு, ஓட்டுநர் கண்ணில் படும் தூரத்தில் ஒதுங்கி நின்று கை காட்டச் சொல்லுங்கள். ஒருவர்தான் கை காட்ட வேண்டும். நாலு பேர் நாலு பக்கம் கத்தினால் யார் பேச்சையும் கேட்க முடியாது.

கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில். பழைய ஆட்கள் 10, 2 என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஏர்பேக் வராத காலத்துப் பாடம் அது. கட்டைவிரலை வளையத்துக்குள் கோத்துப் பிடிக்காமல் வளையத்தின் மேல் வையுங்கள். சக்கரம் கல்லில் மாட்டி ஸ்டீயரிங் சட்டென்று சுழன்றால் குறுக்குக் கம்பி விரலை முறித்துவிடும். திருப்பும்போது ஒரு கையை மற்றொரு கைக்குமேல் போட்டுச் சுழற்றுகிறோமே, அந்த நேரத்தில் முன்கை ஏர்பேக் மூடிக்குக் குறுக்கே வருகிறது. மெதுவாகப் போகும் பாதையில் ஒரு கை மேலே தள்ள, மற்றொரு கை கீழே வாங்குகிற மாதிரித் திருப்பிப் பழகுங்கள். இரண்டு நாள் கை வராது, அப்புறம் தானாக வரும். உள்ளங்கையைக் கவிழ்த்து வளையத்தின் உள்பக்கமாகப் பிடித்து ஒரே கையால் சுற்றும் பழக்கம் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பவர் டேஷ்போர்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் தொங்குவார். பிடிக்கலாம், ஆனால் முதுகு சீட்டைவிட்டு எழக் கூடாது. கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், டேஷ்போர்டில் அல்ல. வண்டி சாய்ந்தால் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கூரையைப் பிடிப்பது பலருக்கும் தானாக வரும் செயல். வண்டி உருண்டால் அந்தக் கை வண்டிக்கு அடியில் போய்விடும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வதே நல்லது.

பெல்ட்டும் குழந்தைகளும்

"பத்துக் கிலோமீட்டர்ல போறதுக்கு எதுக்கு மாமா பெல்ட்டு?" என்று என்னிடம் கேட்ட மருமகனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாக வைத்தது, தனியாக அதை நம்ப முடியாது. பெல்ட் போடாதவர் பிரேக் அடித்த கணமே முன்னால் சரிந்து, பை விரியும் நேரத்தில் அதன்மேல் படுத்திருப்பார். மண்பாதையில் மோதலுக்கு முன்பு வண்டி இரண்டு மூன்று முறை ஆடும், பெல்ட் இல்லாத உடம்பு அதற்குள் இடம் மாறிவிடும். இடுப்புப் பட்டையை வயிற்றில் விடாமல் இடுப்பெலும்பில் படும்படி இறக்கி, தொளதொளப்பில்லாமல் இழுத்து விடுங்கள்.

முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவதை நம் பக்கம் தினமும் பார்க்கிறேன். கோயிலுக்குப் போகும் பாதை, பிள்ளை வேடிக்கை பார்க்கட்டும் என்று தாத்தா மடியில் உட்கார்த்தி வைப்பார். அப்போது குழந்தையின் தலை ஏர்பேக் மூடிக்கு ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் இருக்கும். பெரியவருக்குச் சிராய்ப்பை மட்டும் கொடுக்கும் அதே பை அந்தத் தூரத்தில் குழந்தையின் கழுத்தை முறிக்கும். வெளிநாடுகளில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் எச்சரிக்கை ஸ்டிக்கரைச் சன் வைசரில் ஒட்ட ஆரம்பித்தார்கள். 12 வயது வரைக்கும் பின் சீட்டு. பின்னோக்கிப் பார்த்த குழந்தை இருக்கையை, ஏர்பேக் வேலை செய்யும் முன் சீட்டில் வைக்கவே கூடாது. வண்டியில் ஆள் அதிகம், இடம் இல்லை என்றால் இரண்டு நடை போங்கள், அல்லது கடைசி அரை கிலோமீட்டரைக் குழந்தைகளோடு நடங்கள். கர்ப்பிணிப் பெண்களை இந்தப் பாதையில் வண்டியில் கூட்டிப் போகாமல் இருப்பதே மேல்.

பம்பரில் கை வைக்கும் முன்

முன்னால் கனத்த இரும்புக் காவல் போட்டால் வண்டிக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். வண்டியின் முன்பகுதி எந்த வரிசையில், எவ்வளவு நேரத்தில் நசுங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஏர்பேக் விரியும் நேரத்தை நிர்ணயிக்கிறார்கள். சேசிஸோடு பிணைத்த இரும்புச் சட்டம் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். சின்ன மோதலிலும் அதிர்ச்சி நேராகப் பெட்டிக்குப் போய்ப் பை விரியலாம், பெரிய மோதலில் தாமதமாகவும் விரியலாம். தாமதம்தான் இரண்டிலும் மோசம். இவ்வகைக் காவல்களை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மாட்டிய வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கும் விஞ்ச் வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் அனுமதித்தது இருக்கிறதா என்று கேளுங்கள். பம்பரைக் கழற்றும் எந்த வேலையிலும் முன் சென்சாரின் இடத்தையும் திசையையும் மாற்ற விடாதீர்கள்.

வேறு ஸ்டீயரிங் மாட்டுவது? ஏர்பேக்கையே கழற்றி எறிவது அது. கேட்கவே வேண்டாம்.

மண்ணைப் படிப்பது

ஏர்பேக் விரிவதையும் விரியாமல் இருப்பதையும் கடைசியில் முடிவு செய்வது வேகமும் மறைந்திருக்கும் கெட்டிப் பொருளும்தான். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 20இல் போகிற இடத்தில் 10இல் போனால் அந்த ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு குறைந்துவிடும்.

கண்மாய் உள்வாய் கோடையில் மைதானம் போலத் தெரியும். அங்கே சீமைக்கருவேலை வெட்டி எடுத்த பிறகு கணுக்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள் நிற்கும். டயருக்கு இடையே போனால் அது நேராக அடிச்சட்டத்தில் குத்தும். வயல் ஓரத்தில் புல்லுக்குள் எல்லைக்கல்லும் மடைக்கல்லும் ஒளிந்திருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு தரைமட்டத்தில் வாய் திறந்து கிடக்கும். மேலூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிகளின் விளிம்பும் அப்படித்தான். திருமங்கலம், கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசல் காயும்போது வெடிப்பு விட்டு, சக்கரம் இறங்கும் அளவுக்குச் சில இடங்களில் உள்வாங்கியிருக்கும். மழைக்குப் பின் அதே கரிசல் வழவழப்பாகி, பிரேக் போட்டாலும் வண்டியை வரப்பில் கொண்டுபோய் முட்டவைக்கும்.

அதனால் புதிய பாதை என்றால் இறங்கி நடந்து பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். கையில் ஒரு கம்பு இருந்தால் புல்லைத் தட்டிப் பார்க்கலாம். நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் ஃபோர் வீல் லோ ரேஞ்ச் உள்ள வண்டியில் அதைப் போட்டு, முதல் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் வண்டி நடக்கிற வேகத்துக்கும் கீழே ஊரும். அந்த வேகத்தில் கல்லில் முட்டினாலும் தகடு நெளியும், பை அசையாது.

குறுகலான வாய்க்காலை நேராகக் கடந்தால் இரண்டு முன் சக்கரமும் ஒன்றாக விழுந்து பம்பர் எதிர்க்கரையில் குத்தும். கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றுங்கள். செங்குத்தான சரிவுக்கு இது பொருந்தாது, அதில் நேராகத்தான் இறங்க வேண்டும். சாய்வாக இறங்கினால் வண்டி புரளும். வைகை மணலிலும் சேற்றிலும் கொஞ்சம் வேகம் கொடுத்துத்தான் கடக்க முடியும். அங்கே இந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்பதைவிட, ஏறப்போகும் அந்தப் பக்கத்தில் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேகம் கொடுங்கள்.

கண்மாய்க் கரை விளிம்பு மழைக்குப் பின் உதிரும். சாய்வை உணரும் சென்சார் உள்ள வண்டி ஓர் அளவுக்குமேல் வேகமாகச் சாய்ந்தால், உருளப்போகிறது என்று நினைத்துத் திரை ஏர்பேக்கை விரித்துவிடலாம். உருளாமலே விரிந்தாலும் அதைக் குற்றம் சொல்ல முடியாது, அது வேலையைச் செய்திருக்கிறது. பின்பக்கம் சரிய ஆரம்பித்தால் மேலே ஏற முயலாமல், கீழே தடையில்லை என்றால் ஸ்டீயரிங்கைச் சரிவின் பக்கமே திருப்பி இறங்கிவிடுங்கள்.

தண்ணீரும் மீட்பும்

முன் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற மின் இணைப்புகள் இருக்கும். ஏர்பேக் கம்பிகளுக்கென்று வைத்த நிறம் அது. மஹிந்திராவின் தார் ஜீப் 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அது நல்ல நிலையில் உள்ள ரப்பர்களையும் மெதுவான வேகத்தையும் நம்பிச் சொன்னது. தரைவிரிப்பு நனைந்துவிட்டால் கன்சோலுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கும் ஈரம் போயிருக்கலாம். உடனே வெடித்துவிடாது. நாளடைவில் இணைப்புகள் பச்சை பூத்து, எச்சரிக்கை விளக்கு எரியும், தேவைப்படும் நாளில் விரியாது. விரிப்பைத் தூக்கி உலர்த்துங்கள், வண்டிக்குள் பிரஷர் பம்பு அடிக்காதீர்கள், மஞ்சள் இணைப்பை நீங்களே கழற்றி மாட்டாதீர்கள். டெஸ்ட் லைட்டையோ மீட்டரையோ அதில் வைத்தால் பை வெடிக்கவும் கூடும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் பெட்டிக்குள் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும்.

மாட்டிக்கொண்ட வண்டியை டிராக்டரில் சங்கிலி கட்டிச் சுண்டி இழுப்பது நம் ஊர் வழக்கம். சங்கிலி நீளாது, அதிர்ச்சி முழுவதும் சேசிஸுக்குப் போகும், கொக்கி அறுந்தால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். நெளிந்து கொடுக்கும் மீட்புப் பட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது ஸ்டீயரிங்கில் இருப்பவர் பெல்ட்டோடு, சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி மண்ணை வெட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பை விரிந்துவிட்டால்

பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம், வண்டி முழுக்கப் புகை போல வெள்ளைத் தூள், காரமான வாசனை. தீப்பிடித்துவிட்டது என்று பலரும் பயந்து குதிப்பார்கள். முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். வண்டி சரிவில் நிலையாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்குங்கள். ஆஸ்துமா உள்ளவரை முதலில் வெளியே கொண்டுவாருங்கள், அந்தத் தூள் மூச்சை அடைக்கும். முகத்தையும் கையையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கண்ணைக் கசக்க வேண்டாம். ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டு மூடிக்குள்ளும் உள்ள உலோகம் சுடும், தொடாதீர்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கழுத்து வலி, பார்வை மங்கல், நீங்காத காது அடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் 108. கழுத்து வலிக்கிறது என்று சொல்பவரை நகர்த்தாமல் இருப்பது நல்லது. ஆம்புலன்ஸ் உங்களைத் தேடி வயலுக்குள் வர முடியாது, ஒருவர் தார் ரோட்டில் போய் நின்று வழிகாட்ட வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னல் எந்த இடத்தோடு நின்றது என்பதைப் போகும்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சித்தப்பா மகனையும் நாங்கள் அப்படித்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், போன் எடுக்கும் இடத்துக்கே அரை கிலோமீட்டர் ஓட வேண்டியிருந்தது.

பல வண்டிகளில் மோதலுக்குப் பிறகு பெட்ரோல், டீசல் ஓட்டம் தானாக நின்றுவிடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனாலும் அதை ஓட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். பிரீடென்ஷனர் வெடித்த பெல்ட் இனி பிடிக்காது, பயணி பக்கப் பை விரிந்ததில் முன் கண்ணாடியும் வெடித்திருக்கலாம். ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

பழுது பார்த்தல்

விரிந்த பையை மடித்து உள்ளே வைக்க முடியாது. பை, பிரீடென்ஷனர் பெல்ட்டுகள், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கம்பி, கையேடு சொன்னால் கட்டுப்பாட்டுப் பெட்டி, அடிபட்ட சென்சார், எல்லாம் புதுசாக மாற்ற வேண்டும். செலவு கையைக் கடிக்கும். அப்போதுதான் குறுக்கு வழி சொல்ல ஆட்கள் வருவார்கள். ஒரு பட்டறையில் எங்களிடமே, மேல்மூடியை மட்டும் புதுசாகப் போட்டு, உள்ளே பை இருப்பது போலப் பெட்டியை ஏமாற்றும் ஒரு ரெசிஸ்டரை வைத்து விளக்கை அணைத்துத் தருகிறேன் என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏர்பேக் இருப்பது போலவே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சித்தப்பா அந்த இடத்திலேயே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அசல் பாகங்கள் வரும்வரை வண்டி இரண்டு மாதம் கொட்டகையில் நின்றது. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பை விரியாமல் வீடு திரும்பினாலும் ஒரு வேலை பாக்கி. மறுநாள் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் படுத்து, முன் குறுக்குச் சட்டத்தில் புதிய நெளிவு இருக்கிறதா, சென்சார் கம்பியில் முள்ளோ சேறோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பி சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அப்புறம், அடிக்கடி போகும் பாதை என்றால் ஒரு வாளிச் சுண்ணாம்பையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு போய், புல்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் அடித்துவிட்டு வாருங்கள். அந்த மடைக்கல்லுக்கு நாங்கள் பங்குனியிலேயே அடித்துவிட்டோம். இப்போது கரைமேல் ஏறும்போதே வெள்ளையாகத் தெரிகிறது.